பயிற்றுநர் வந்துகொண்டிருக்கிறார்

பட்டறை மொத்தம் பதினெட்டு மணி நேரம். நாளொன்றுக்கு ஆறு மணி வீதம் மூன்று நாள். பதினேழே முக்கால் மணி நேரம் நடந்தால் அது பட்டறை ஆகாது, வெறும் கூட்டம்தான் என்று சுற்றறிக்கையில் அடிக்கோடிட்டுப் போட்டிருந்தார்கள்.

பட்டறையின் பெயர் 'உண்மையை அழகாக எழுதுதல்'. கதை கட்டுவது அல்ல. நடந்ததை நடந்தபடியே, ஆனால் கதையைப் போல ஆவலோடு படிக்கும்படி எழுதுவது. நம் கல்லூரியில் இதுவரை யாரும் செய்திராத காரியம் இது என்று முதல்வர் அதே சுற்றறிக்கையில் பெருமைப்பட்டிருந்தார்.

நாற்பது பேர் இருந்தால்தான் பட்டறை. முப்பத்தொன்பது மாணவர்கள் அகப்பட்டார்கள். இன்னொரு ஆளைத் தேடி வேதியியல் ஆய்வகத்துக்குள் வந்தவர்கள், அங்கே குடுவை கழுவிக்கொண்டிருந்த உதவியாளரைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். திறந்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். மூன்று வருடம் நான்கு மாதமாக அவள் தற்காலிகம். நிரந்தரமாவதற்குப் பன்னிரண்டு காகிதங்கள் வேண்டும். பதினொன்று சேர்ந்துவிட்டன. பன்னிரண்டாவது, ஏதேனும் ஒரு பதினெட்டு மணி நேரப் பயிற்சியின் சான்றிதழ். எந்தப் பயிற்சி என்பது முக்கியமில்லை. பட்டறை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் கோப்பு அதே நாள் ஐந்து மணியோடு மூடப்படும்.

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிப்பெட் அக்கா. வாயிலிருந்து வார்த்தை சொட்டுச் சொட்டாகத்தான் விழுமாம். சொட்டுச் சொட்டாக விழுவது திருகு வைத்த பியூரெட் குழாயில். பிப்பெட்டில் மேல்முனையை மூடிய விரலை எடுத்தால் உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே தடவையில் இறங்கிவிடும். இதை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று அவள் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பயிற்றுநரின் படம் போட்ட பெரிய பதாகை. வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம். அவர் கட்டுரைகள் எழுதுகிறவர் என்றும், உண்மையைத் தவிர வேறெதையும் எழுதாதவர் என்றும் பதாகையில் இருந்தது. கீழே மெத்தை வைத்த நாற்காலி. தண்ணீர் பாட்டில். ஆளைக் காணோம்.

ஒருங்கிணைப்பாளர் பொருளாதாரப் பேராசிரியர். அவருடைய அறைதான் கருத்தரங்க அறைக்குப் பக்கத்தில் இருந்தது என்பதால் இந்தப் பொறுப்பு அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர் பிப்பெட் அக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டு ஒரு எண்ணைக் கொடுத்தார்.

"எங்க வர்றார்னு கேளுங்கம்மா. மரியாதையா கேளுங்க."

அவள் தாழ்வாரத்தில், தீயணைக்கும் மணல் வாளிக்குப் பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கங்க. காலேஜ்லேர்ந்து பேசறேன். சார் கிளம்பிட்டாரா?"



"நீங்க யாருங்க?"

"லேப் அசிஸ்டென்ட்டுங்க."

"நான் அவர் பொண்ணு. அப்பா இறந்து நாற்பத்தாறு நாள் ஆச்சுங்க."

மணல் வாளியில் யாரோ பேனா மூடியைப் போட்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி உங்க லெட்டர் வந்துச்சு. வர்றேன்னு அப்பா பதில் எழுதினார். நான்தான் போஸ்ட் பண்ணேன். அதுக்கப்புறம் யாராவது ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருக்கணுங்க."

"பேப்பர்லயும் வரலை. அவ்வளவு பெரிய ஆள் இல்லை அப்பா. உங்க பசங்ககிட்ட பேசறதுக்குன்னு ஆசையா குறிப்பு எடுத்து வெச்சிருந்தார். ஒரு உதவி செய்வீங்களா? அங்க வந்திருக்கற எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. இல்லைன்னா வராம ஏமாத்திட்டார்னு நெனைப்பாங்க. வர்றேன்னு சொல்லிட்டு அவர் போகாம விட்ட கூட்டம் ஒண்ணு கிடையாதுங்க."

"சொல்லிடறேங்க," என்றாள் அவள்.

சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க வேண்டும் என்றாலே அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். எழுதினால் வியர்க்காது. ஒரு தாளில் கீழ்ப்பக்கத்தைக் கிழித்து நான்கு வரி எழுதினாள். யார், எப்போது, யார் சொன்னார்கள், என்ன செய்யச் சொன்னார்கள். ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தாள்.

அவர் இரண்டு தடவை பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவளை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"இதை நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல சார். எழுதிக் குடுத்தேன்."

"நல்ல வேளை. சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சுபோயிருக்கும். எனக்குத் தெரிஞ்சா முதல்வருக்குச் சொல்லணும். முதல்வருக்குத் தெரிஞ்சா பட்டறையை நிறுத்தணும். வெள்ளிக்கிழமை தரக்குழு வருது. எழுதிக் குடுத்துட்டீங்க, இது ஃபைலுக்குப் போயிடும். ஃபைல்ல இருக்கறது யாருக்கும் தெரியாது."

"இப்ப நீங்க படிச்சீங்களே சார்."

"படிக்கலை. பார்வையிட்டேன்."

அவள் தன் வாழ்நாளில் பேசிய நீளமான எதிர்ப்பேச்சு அடுத்து வந்தது. "வேற யாரையாவது கூப்பிடலாமே சார்."

"தாராளமா. பழைய பயிற்றுநர் எழுத்துல சம்மதம் குடுக்கணும். விதி பதினாலு. வாங்கிட்டு வர்றீங்களா?"

அவர் மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். "பயிற்றுநர் வந்துகொண்டிருக்கிறார்," என்றார். கைத்தட்டல் எழுந்தது.

பிறகு முதல்வர் தொடங்கிவைத்தார். "உண்மைன்னா என்ன? நீங்க பெரிய பெரிய விளக்கமெல்லாம் சொல்வீங்க. போன வருஷம் தரக்குழு வந்து, உங்க கல்லூரியில உண்மை கொஞ்சம் குறைவா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தூக்கமே வரலை. அதனாலதான் இந்த வருஷம் பதினெட்டு மணி நேரத்தை முழுக்க உண்மைக்கே ஒதுக்கியிருக்கேன். மத்த நாள் எல்லாம் நம்ம வழக்கப்படி நடக்கும். யாரும் பயப்பட வேண்டாம்." இதைச் சொல்லிவிட்டு அவர் காலியான நாற்காலிக்குப் பூங்கொத்து கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

குழுப்படம் எடுத்தார்கள். முன்வரிசையில் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விடச் சொன்னார் ஒருங்கிணைப்பாளர்.

"அப்புறம் ஒட்டிக்கலாம்."

"எந்தப் பக்கம் திரும்பி இருப்பார் சார்?" என்று கேட்டார் புகைப்படக்காரர். தொழிலில் கறாரான மனிதர்.

"நேராத்தான். அவர் எதையும் நேரா பார்க்கறவர்."

அதற்கப்புறம் பட்டறை. முதல் பயிற்சி, 'நான் மறைத்த ஓர் உண்மை'. எழுதுவது உண்மைதான் என்பதற்கு ஆதாரம் இணைக்க வேண்டும். கட்டுரையில் வேறு யாராவது வந்தால், அவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வைக்க வேண்டும். துக்கத்துக்கு இருபது மதிப்பெண், நம்பிக்கைக்கு இருபது, கடைசிப் பத்தியில் கல்லூரிக்கு நன்றி சொல்வதற்குப் பத்து.

ஆறு வயதில் மரத்திலிருந்து விழுந்ததை எழுதிய மாணவனிடம் ஆதாரம் கேட்டார்கள். அவன் முழங்கால் தழும்பைக் காட்டினான். தழும்பைக் கோப்பில் சேர்க்க முடியாது என்றதும் அலுவலகத்துக்குப் போய் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் ஏறி, முழங்காலைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தான். கன்னங்கரேலென்று ஏதோ இருந்தது. உண்மை நகல் என்று ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துப் போட்டார். தன் முதல் காதலை எழுதிய மாணவி, சம்பந்தப்பட்டவனிடம் கடிதம் வாங்கப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். 'எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தான். ஆதாரம் முறையாக இருந்ததால் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவளுக்குத் துக்கத்தில் இருபதுக்கு இருபது.

பிறரைப் பற்றி எழுதினால் இத்தனை தொல்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் நாற்காலி, மழை, குடை என்று மாறிக்கொண்டார்கள். நாற்காலியைப் பற்றி எழுதியவனை இருப்புப் பதிவேட்டு எண் கேட்டு அனுப்பினார்கள்.

நான்கு மணிக்குக் கருத்துப் படிவம் வந்தது. 'பயிற்றுநரின் குரல் தெளிவாக இருந்ததா? ஐந்துக்கு எத்தனை?' முப்பத்தெட்டு பேர் ஐந்து போட்டார்கள். முழங்கால் மாணவன் நான்கு போட்டிருந்தான்.

"ஏன் தம்பி நாலு?"

"எனக்குக் கேக்கவே இல்லை சார்."

"கடைசி வரிசையில உட்கார்ந்தா எப்படிக் கேக்கும்? நாளைக்கு முன்னால வந்து உட்காரு." அவன் நாலை அடித்து ஐந்து ஆக்கினான்.

பிப்பெட் அக்கா படிவத்தை நிரப்பாமல் கொடுத்தாள். நிரப்பாத இடத்தை ஐந்தாகக் கொள்வது வழக்கம் என்று வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் அம்மா சீருடைச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கடைக்கு வாரம் அறுபது சட்டை. கழுத்தில் அளவுநாடா, வாயில் குண்டூசி. பேசும்போது குண்டூசியை எடுக்க மாட்டாள்.

"சர்டிபிகேட் எப்போ தருவாங்க?"

"வெள்ளிக்கிழமைம்மா."

"கண்ணுல காட்டிட்டு அப்புறம் ஆபீஸ்ல குடு. யாருடி சொல்லிக் குடுக்கறாங்க?"

"ஒருத்தர்... வந்துட்டு இருக்கார்."

தையல் இயந்திரம் நின்றது.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் வீடு முழுக்க ஆட்கள். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்து அப்பா எங்கே என்று கேட்டதற்கு, வந்துட்டே இருக்கார் என்றாள் அம்மா. பதினோரு நாள் அதே பதில்தான். பதினோரு நாளும் அவள் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வகுத்தல் கணக்கு ஒன்று வரவில்லை. அப்பா வந்து சொல்லித் தருவார் என்று அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு யார் சொல்வதையும் உடனே நம்பிவிடாத குழந்தையாக அவள் ஆகிவிட்டாள். தானும் எதையும் உடனே சொல்லிவிட மாட்டாள்.

அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைத் துணியில் குத்தினாள்.

"அந்த வார்த்தையை மட்டும் நீ யார்கிட்டயும் சொல்லாதடி," என்றாள். "எனக்கு அன்னிக்கு வாய் வரலை. அவ்வளவுதான்."

பிறகு இயந்திரம் மறுபடி ஓடியது.

வியாழக்கிழமை, நாற்பத்தேழாவது நாள். பிப்பெட் அக்கா முழுப் பக்கத்துக்கு எழுதினாள். பெறுநர், முதல்வர். பொருள், பயிற்றுநர் இறந்துவிட்டது குறித்து. அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அதே மேசை.

"வா பிப்பெட்டு. எத்தனை காப்பி?"

"ஒண்ணுதான்க்கா."

"மூணு வேணும். ஒண்ணு ஃபைலுக்கு, ஒண்ணு கரையானுக்கு, ஒண்ணு நீ எழுதினேங்கறதுக்கு." மூன்றிலும் 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை குத்தினாள். குத்தும்போது பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

"அக்கா, இதை முதல்வர் படிப்பாரா?"

"ஏன்டி, அவரைப் படிக்க வைக்கற அளவுக்கு உனக்கு என்ன கெடுதல் பண்ணினார்?" எழுத்தர் அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு. எழுதினதை வெச்சு இந்தக் காலேஜ்ல யார் வேலையும் போனதில்லை. பேசினதை வெச்சு மூணு பேர் போயிருக்காங்க. நீ எழுதறவ. உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நிம்மதியா போ."

அவளுக்கு அப்படி நிம்மதியாக இல்லை.

கருத்தரங்க அறையில் மேடை நாற்காலிக்கு முன்னால் தேநீர் வைத்தார்கள். தலையை எண்ணுவதில்லை, நாற்காலியை எண்ணித்தான் ஊற்றுவார்கள். ஆறியதும் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு வேறு வைத்தார்கள். வருகைப் பதிவேட்டில் பயிற்றுநர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'பயணத்தில்' என்று ஒருங்கிணைப்பாளர் எழுதியிருந்தார். பதினொன்றரைக்கு முதல்வர் எட்டிப் பார்த்தார்.

"எங்கேப்பா ஆளு?"

"இப்பதான் வெளிய போனார் சார்."

"எப்படிப் பேசறார்?"

"அதிகம் பேச மாட்டேங்கறார் சார். எல்லாத்தையும் நம்ம பசங்களே யோசிக்கட்டும்னு விட்டுடறார்."

"அதான் அனுபவம்கறது. நம்ம ஆளுங்க மைக்கைப் பிடிச்சா விட மாட்டாங்க. இவர்கிட்ட கத்துக்கணும்." முதல்வர் மதிப்போடு நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார்.

மதிய இடைவேளையில் அவள் நூலகத்துக்குப் போனாள். அவருடைய புத்தகம் ஒன்று இருந்தது. தேதித் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. நின்றபடியே ஒரு கட்டுரையைப் படித்தாள். தெருக்குழாயைச் சரிசெய்ய வந்த ஓர் ஆளைப் பற்றியது. அந்த ஆள் வேலையை முடிக்கிறான். கையெல்லாம் துரு. கழுவிக்கொள்ளத் தான் சரிசெய்த குழாயையே திறக்கிறான். தண்ணீர் வருகிறது. அதைப் பார்த்து அவனே கொஞ்சம் ஆச்சரியப்படுகிறான். மூன்று பக்கமும் இவ்வளவுதான். இதில் அழகாக எழுதியது எந்த வரி என்று அவளால் காட்ட முடியவில்லை. ஆனால் அந்த ஆளின் கையில் சொட்டிய தண்ணீர் அவளுக்குத் தெரிந்தது. கல்லூரியில் அந்தப் பயிற்றுநரிடம் பாடம் கேட்ட ஒரே ஆள் அவள்தான். பதினைந்து நிமிடம். அது பதிவேட்டில் வராது.

வெள்ளிக்கிழமை காலை, அறிக்கையை எழுத அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். கட்டுப் போட்ட நோட்டு வேறு இல்லாததால் வேதியியல் ரெக்கார்டு நோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"பயிற்றுநர் தம் இளமைக்கால அனுபவங்களை மனம் திறந்து பகிர்ந்துகொண்டார். ஒரு மாணவியின் கட்டுரையைக் கேட்டுக் கண் கலங்கினார்."

"எத்தனை மணிக்கு சார்?" ஆய்வகப் பழக்கம். கேட்ட பிறகுதான் கேட்டதே தெரிந்தது.

"நேத்து ரெண்டு இருபதுக்கு. நல்லா எழுதுங்க. 'இந்தக் கல்லூரியின் உண்மை என்னை அசரவைத்தது என்றார். அடுத்த ஆண்டும் கட்டாயம் வருவதாக உறுதியளித்தார்.'"

பேனா நின்றது.

"என்னம்மா?"

"மை தீர்ந்துடுச்சு சார்," என்றாள். தீரவில்லை. அந்த மூன்று நாளில் கல்லூரியில் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். வேறு பேனா கொடுத்தார்கள். அன்று மாலை நடக்கப்போவதையும் நடந்துமுடிந்ததாகவே எழுதிவிட்டார்கள். தரக்குழுத் தலைவர் நெகிழ்ந்துபோனார் என்று அதில் இருந்தது. தரக்குழுத் தலைவர் அப்போது இன்னும் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார்.

ரெக்கார்டு நோட்டில் வலது பக்கம் கோடு போட்டது. செய்முறையும் முடிவும் அதில் பேனாவால் எழுத வேண்டும். இடது பக்கம் வெள்ளைத்தாள். கண்ணால் கண்ட அளவுகளை அதில் பென்சிலால் குறிப்பார்கள். பேராசிரியர்கள் வலது பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளைப் புரட்டுவார்கள். இடது பக்கத்தைப் பார்ப்பவர் உதவியாளர் ஒருத்தர்தான். ஒருங்கிணைப்பாளர் தேநீருக்குப் போனதும் அவள் பென்சிலை எடுத்தாள். ஒவ்வொரு இடது பக்கத்திலும் எழுதினாள். புதன், பத்து மணி, மேடை நாற்காலி காலி. புதன், பத்தே கால், தொலைபேசி, மகள் சொன்ன செய்தி. வியாழன், இரண்டு இருபது, நாற்காலி காலி, தேநீர் ஆறியிருந்தது.

ஒருங்கிணைப்பாளர் வந்து வலது பக்கங்களில் கையெழுத்துப் போட்டார். முதல்வரும் போட்டார்.

தரக்குழுத் தலைவர் இரண்டரை மணிக்கு வந்தார். கோட்டு போட்டிருந்தார். முகத்தில் நிறையக் கல்லூரிகளைப் பார்த்த களைப்பு.

"பயிற்றுநர்?"

"ரயிலுக்கு நேரமாச்சுன்னு இப்பதான் சார் கிளம்பினார்," என்றார் ஒருங்கிணைப்பாளர். ஆக மூன்று நாளில் அந்த மனிதர் வந்துகொண்டிருந்து, பேசி, கண் கலங்கி, ஊருக்கும் திரும்பிவிட்டார்.

தலைவர் நோட்டைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "வருஷத்துக்கு ஆயிரம் அறிக்கை வருது. எல்லாத்தையும் படிக்க முடியுமா? படிச்சா ஒண்ணு நல்லாயிருக்குன்னு தோணும், இன்னொண்ணு நல்லாயில்லைன்னு தோணும். அது பாரபட்சம். அதனால நாங்க எடை பார்க்கறோம். எடைக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. பட்டறைன்னா நானூறு கிராம், இணைப்போட சேர்த்து. தராசு இருக்கா?"

பிப்பெட் அக்கா ஆய்வகத்திலிருந்து தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்து, மட்டம் பார்த்து, சுழியமாக்கினாள். நோட்டு, முப்பத்தொன்பது கட்டுரைகள், முழங்கால் நகல், கருத்துப் படிவங்கள். முந்நூற்று எண்பத்து நான்கு புள்ளி இரண்டு.

முதல்வரின் முகம் சுண்டிப்போனது. "ஃபைல்ல வேற ஏதாவது பேப்பர் இருக்கான்னு பாருங்கப்பா!"

எழுத்தர் அம்மாள் ஓடிப்போய் மூன்று தாள்களைக் கொண்டுவந்தாள். பெறுநர், முதல்வர். பொருள், பயிற்றுநர் இறந்துவிட்டது குறித்து. முதல்வர் தன் கையாலேயே வாங்கி அவற்றைத் தராசில் வைத்தார். முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்று. ஒருங்கிணைப்பாளர் சட்டைப் பையைத் தடவினார். புதன்கிழமை நான்காக மடித்த சீட்டை எடுத்து மேலே வைத்தார். நானூறு புள்ளி ஒன்று.

"பேஷ்," என்றார் தலைவர். "முழுமையான அறிக்கை. ஒரு காகிதம் குறைஞ்சிருந்தாலும் நின்னிருக்காது." நோட்டை விரித்து வலது பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். இடது கை, பென்சில் எழுத்தின் மேல் ஊன்றியிருந்தது.

மூன்று தடவை எழுதியாயிற்று. மூன்று தடவையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இனி எழுத இடமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சான்றிதழ் வழங்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் மேடையேறிப் பயிற்றுநரைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். "மறக்கவே முடியாது சார்" என்றார்கள். "ரொம்ப எளிமையானவர்" என்றார்கள். காதல் மாணவி ஆட்சேபணை எதுவும் இல்லை என்றாள். முழங்கால் மாணவன், "முன் வரிசையில உட்கார்ந்தேன் சார், நல்லா கேட்டுச்சு," என்றான்.

நாற்பதாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். தலைவர் சான்றிதழை நீட்டினார். தடித்த தாள், ஓரத்தில் தங்க நிறக் கோடு. 'பதினெட்டு மணி நேரம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவர் இன்னும் விடவில்லை. திடீரென்று அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

"இவ்வளவு பேர் இவ்வளவு சொல்றாங்க. அந்த மனுஷனை நானே ஒரு வார்த்தை பாராட்டணும். ரயில்லதானே இருப்பார்? போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

கூட்டம் கைதட்டியது. முதல்வர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் அவளைப் பார்த்தார். எண் அவள் போனில்தான் இருந்தது.

"சிக்னல் கிடைக்காது சார்," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"போட்டுப் பார்க்கறதுல என்ன? போடும்மா."

போனை எடுக்க வேண்டுமென்றால் கை வேண்டும். அவள் சான்றிதழின் முனையை விட்டாள். எண்ணைத் தேடினாள். கட்டைவிரல் அதன் மேல் நின்றது. அழுத்தினால் மணி அடிக்கும். அவருடைய மகள் எடுப்பாள். மைக்கில் ஒரு குரல், சார் ரயில்ல எங்க வந்துட்டு இருக்கீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்கும். அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்தப் பெண் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.

"என்னம்மா, பேசத் தெரியாதா?" என்று கேட்டார் தலைவர். யாரோ பின்வரிசையிலிருந்து, "பிப்பெட் அக்கா சார் அவங்க!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்றிருந்த எழுத்தர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வேண்டாம் என்பது போலத் தலையை மெல்ல ஆட்டினாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால்.

அவள் போனை அணைத்துப் பையில் போட்டாள். உள்ளங்கை நனைந்திருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தலைவருக்கு முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். அது ஒருமுறை கீச்சென்று கத்தி அடங்கியது.

"அவர் வராம ஏமாத்தலைங்க," என்றாள். "இறந்துட்டார். இன்னையோட நாற்பத்தெட்டு நாள்."